அரிசி சிப்பம் ஏத்த முடியாத வண்டி

"வண்டி எப்படி இருக்கு?"ன்னு யாராவது கேட்டா இப்பல்லாம் "எந்த ரோட்ல?"ன்னு திருப்பிக் கேக்கிறேன். கேட்டவங்களுக்குக் கடுப்பாகுது. என்ன பண்றது, என்கிட்ட வேற பதில் இல்ல.

மாமா (அக்கா வீட்டுக்காரர்) போன் பண்ணினதுல இருந்து இந்த எரிச்சல் ஜாஸ்தியாயிடுச்சு. பையன் இப்பதான் காலேஜ் சேர்ந்திருக்கான். என்னை மாதிரியே குனிஞ்சு ஓட்டுற வண்டிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறானாம்.

"மாப்ள, சுத்தி வளைக்காத. நல்ல வண்டியா, இல்லியா?"

"மாமா, அது வந்து..."

"எவ்ளோ குடுக்கும்?"

(மைலேஜத்தான் கேக்கிறாரு. நம்மூர்ல வண்டியப் பத்தின எந்தப் பேச்சும் கடைசில அங்கதான் போய் நிக்கும்.)

"நிதானமா ஓட்டினா நாப்பதுக்கு மேல குடுக்கும் மாமா."

"அப்ப நல்ல வண்டிதான். சரி வைக்கிறேன்."

வச்சுட்டாரு! நான் சொல்ல வந்ததுல ஒரு வரிகூட அவர் காதுல விழல. அதான் இங்க கொட்டுறேன். மருமகனே, நீயும் படிப்பேன்னு தெரியும். அம்மாகிட்ட சௌகரியமான பாராவ மட்டும் படிச்சுக் காட்டாத.

மொதல்ல ஒண்ணு. என் வண்டி எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்ல. 150 சிசியை ஒட்டின எஞ்சின், முன்னாடி பிளாஸ்டிக் போர்வை, ஹேண்டில் தாழ்வா, கால் வைக்கிற இடம் பின்னாடி தள்ளி. இந்த ரகத்துல எதை வாங்கினாலும் குணம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அடிக்கிற ஸ்டிக்கர்தான் மாறும்.

கணக்குக்கு மட்டும் ஊருக்கே தெரிஞ்ச யமஹா ஆர்15ஐ எடுத்துக்குவோம். 2008ல நம்ம நாட்டுக்கு வந்துச்சு. 150 சிசி எஞ்சினுக்கு ரேடியேட்டர், நாலு வால்வு, 17 பிஎஸ் பவர். அப்ப ரோட்ல ஓடின மத்த 150 எல்லாம் பெரும்பாலும் 13, 14ல இருந்துச்சு. டீக்கடையில வண்டி நின்னா சுத்தி ஒரு கூட்டம் நிக்கும், அது தனிக் கதை.

இப்ப வர்ற ஆர்15 155 சிசி, 18.4 பிஎஸ். பக்கத்துல ஒரு கிளாசிக் 350 நிறுத்துங்க. அது 349 சிசி, 20 பிஎஸ் சொச்சம். பாதிகூட இல்லாத எஞ்சின், பவர்ல ரெண்டே ரெண்டுதான் வித்தியாசம். எடைய வேற பாருங்க: இது 142 கிலோ, அது 195.

ஆஹா, அப்ப பிரமாதம்ல?

இருங்க. அந்தப் பவர் எங்க இருந்து வருதுன்னு பாக்கணும். கிளாசிக் தன்னோட 27 நியூட்டன் மீட்டர் டார்க்கை 4,000 ஆர்பிஎம்லயே எடுத்து நீட்டிடும். ஆர்15ல இருக்கிறதே 14.2தான். அதுவும் 7,500 வரைக்கும் சுத்தினாத்தான். பவருங்கிறது டார்க்கையும் எஞ்சின் சுத்துற வேகத்தையும் பெருக்கினா வர்றது. கையில டார்க் கம்மியா இருந்தா வேகமாச் சுத்தி ஈடு கட்டணும். அதனாலதான் அந்த 18.4 முழுசாக் கிடைக்கிறது 10,000 ஆர்பிஎம்ல.

சேலம் அஞ்சு ரோட்டுல சாயங்காலம் ஆறு மணிக்கு எவன் 10,000 சுத்துவான்?

3,000, 4,000லதான் ஊர்ந்துட்டு இருப்போம். அந்த இடத்துல இந்த எஞ்சின் தூங்குது. சிக்னல் பச்சை விழுந்ததும் பக்கத்துல ஸ்ப்ளெண்டர்ல வந்த பெரியவர், முன்னாடி டேங்க் மேல பேத்திய உக்கார வச்சுக்கிட்டு, சாவகாசமா என்னைத் தாண்டிப் போறாரு. நான் கிளட்ச்சை விட்டுப் புடிச்சு, ரேஸ் பண்ணி, ஒரு அமர்க்களம் பண்ணிக் கிளம்புறதுக்குள்ள அவர் அடுத்த சிக்னல்ல நிக்கிறாரு. (பேத்தி திரும்பிப் பாத்துச் சிரிக்குது. அதுதான் தாங்க முடியல.)

இதுக்கு ஒரே வழி, கியரை ஒண்ணு கம்மியாவே வச்சு ஓட்டிப் பழகுறது. மத்த வண்டில நாலாவது போடுற இடத்துல இதுல மூணாவது. சத்தம் வரும். சத்தம் வந்தா எஞ்சினுக்கு வலிக்குதுன்னு நினைக்கிற பழக்கம் நமக்கு ரத்தத்துலயே இருக்கு. அப்பா ஓட்டின வண்டில அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. இந்த எஞ்சின் அந்தச் சத்தத்துக்குன்னே செஞ்சது. கீழ் ஆர்பிஎம்ல திணற வச்சு முறுக்கினாத்தான் அதுக்கு வலி.

சரி, இப்ப மணிக்கட்டுக்கு வருவோம்.

வாங்கின புதுசுல ஆபீஸ் போய் இறங்கினா பேனா புடிக்க முடியாது. கட்டைவிரலுக்குக் கீழ ஒரு மரமரப்பு. கழுத்துல ஒரு பிடிப்பு. "ஸ்டைலா இருக்கணும்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்"னு கூட வேலை பாக்கிற பசங்க சொன்னாங்க. அவங்க ஸ்கூட்டில வர்றவங்க.

எனக்குக் காரணம் தெரியணும். யோசிச்சுப் பாத்தா விஷயம் சிம்பிள். முன்னாடி சாஞ்சு உக்காந்தா நம்ம மேல் உடம்போட எடை எதையாவது புடிச்சு நிக்கணும். 75, 80ல போறப்ப எதிர்க்காத்து நெஞ்சைத் தாங்கிப் புடிக்குது, கை லேசாயிடுது. ஊருக்குள்ள முப்பதுல காத்து எங்க இருக்கு? மொத்த எடையும் மணிக்கட்டுலதான் இறங்கும். அதாவது இந்த உக்காரல் தப்பே இல்ல. என் வேகம்தான் அதுக்குத் தப்பு.

இது புரிஞ்சும் சும்மா இருந்தேனா? ஜெல் வச்ச கிளவுஸ் வாங்கினேன். (வேர்வைல ஊறி நாத்தம் அடிச்சதுதான் மிச்சம்.) ஹேண்டில் கிரிப்புக்கு மேல இன்னொரு ஸ்பான்ஞ் கிரிப் மாட்டினேன். கை இன்னும் அகலமா விரிஞ்சு வலி கூடுச்சு. அப்புறம்தான் ஹேண்டில் ரைசர்.

ரைசர்னா ஒண்ணுமில்ல, ஹேண்டில் உக்கார்ற இடத்துல ஒரு உலோகத் துண்டைக் குடுத்து ஒரு இஞ்ச் போலத் தூக்கிடுவாங்க. மாட்டின அன்னிக்கு எனக்குச் சொர்க்கம். முதுகு நிமிந்துச்சு, கை தளர்ந்துச்சு, ஊருக்குள்ள ராஜா மாதிரி ஓட்டினேன். ஒரே ஒரு தொந்தரவு: ஹேண்டிலை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சா ஆக்சிலேட்டர் கேபிள் இழுத்துக்கிட்டு வண்டி தானா ரேஸ் ஆகும். யூ டர்ன் போடுறப்ப தானா ரேஸ் ஆகிற வண்டிய நினைச்சுப் பாருங்க. மெக்கானிக் கேபிளை வேற பக்கமாச் சுத்தி விட்டுச் சரி பண்ணினாரு.

அதோட ஒருநாள் ஏற்காடு ஏறினேன். சேலத்துக்காரனுக்கு அது பக்கத்துத் தெரு மாதிரி, 20 கொண்டை ஊசி வளைவு. நாலஞ்சு வளைவுலயே என்னமோ சரியில்லன்னு தெரிஞ்சுச்சு. முன் சக்கரம் என்ன பண்ணுதுன்னே கைக்குத் தெரியல. வளைவுல வண்டியச் சாச்சா, சாயுது, ஆனா எங்க போகப் போகுதுன்னு ஒரு சந்தேகம் கூடவே வருது.

வேற ஒண்ணுமில்ல. நான் நிமிந்ததும் என் எடை பின்னாடி போயிடுச்சு. மணிக்கட்ட வலிக்க வச்சதே அந்த எடைதான். முன் சக்கரத்தை ரோட்டோட அமுக்கி வச்சதும் அதே எடைதான். வலிய மட்டும் எடுத்துட்டு புடிமானத்தை விட்டு வைங்கன்னா எப்படி?

ரைசரைக் கழட்டிட்டேன். பழைய சாமான் விக்கிற ஆப்ல போட்டேன், அரை மணி நேரத்துல ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. (அவ்ளோ மணிக்கட்டு வலி இந்த ஊர்ல சுத்திட்டு இருக்கு.)

கடைசில உதவினது காசு செலவில்லாத விஷயம். தொடையால டேங்கை இறுக்கிப் புடிச்சு, வயித்துலயும் இடுப்புலயும் எடையத் தாங்கணும். கை சும்மா ஹேண்டில்மேல கிடக்கணும், முழங்கை மடங்கியே இருக்கணும். சொல்றதுக்கு ஈஸி, பழக நாளாகும். இப்பவும் டிராஃபிக்ல வலிக்குது, பொய் சொல்ல மாட்டேன். பேனா மட்டும் புடிக்க முடியுது.

இப்ப வீட்டு விவகாரம்.

இந்த வண்டில 25 கிலோ அரிசி சிப்பம் ஏத்த முடியாது. டேங்க் மேல வச்சா ஹேண்டில் திரும்பாது. பின் சீட்ல வச்சா அது சரிஞ்சு என் முதுகுல வந்து உக்காரும். பால் பாக்கெட், கறிவேப்பிலைக் கட்டு, தேங்காய், எதுக்கும் ஒரு கொக்கி கிடையாது. கட்டைப்பையைக் கையில மாட்டிட்டு கிளட்ச் புடிச்சா பை போய் ரேடியேட்டர் பக்கமா ஆடுது. முதுகுல பை மாட்டிட்டுத்தான் சந்தைக்குப் போறேன், ஸ்கூல் பையன் மாதிரி. தக்காளிய மேல வைக்கணும்னு கத்துக்கிட்டேன்.

அம்மா ஒரே ஒரு தடவ பின் சீட்டைப் பாத்தாங்க.

"இதுல நான் எங்கடா உக்கார்றது?"

"அதாம்மா, அந்த மேல இருக்கே..."

"அது சீட்டா? நான் ஏதோ விளக்குன்னுல்ல நினைச்சேன்."

அதுக்கப்புறம் ஆட்டோதான். சேலை கட்டினவங்க ஒருக்களிச்சு உக்கார்ற ஊருக்கு இந்த ரெண்டு துண்டு சீட்டு ஒத்தே வராது. மத்திய மோட்டார் வாகன விதி 123 என்ன சொல்லுதுன்னா, பின்னாடி உக்கார்றவங்களுக்குக் கைப்பிடி வேணும், கால் வைக்க இடம் வேணும், துணி சக்கரத்துல மாட்டாம இருக்கப் பின் சக்கரத்துல பாதியாவது மறைக்கிற தடுப்பு வேணும். விதிக்கு எல்லாம் இருக்கும். ஆனா இளவட்டம் ஷோரூம விட்டு வெளிய வந்ததும் மொத வேலையா அந்த சேலைத் தடுப்பைத்தான் கழட்டும், பாக்க அசிங்கமா இருக்காம்! கழட்டாதீங்கப்பா. பின்னாடி என்னிக்காவது யாராவது ஒருத்தர் துப்பட்டாவோட ஏறத்தான் போறாங்க.

இதுல ஒரு வேடிக்கை. 2008 ஆர்15ல நீளமான ஒரே சீட்டுதான். 2011ல ரெண்டாப் பிரிச்சுப் பின்னாடியத் தூக்கினாங்க. பாக்க ஜம்முனு இருந்துச்சு. 2015ல என்ன பண்ணினாங்க தெரியுமா? ஆர்15எஸ்னு பேரு வச்சு ஒரே சீட்டை மறுபடியும் கொண்டு வந்தாங்க. புதுத் தலைமுறை வந்த பிறகு 2021ல இன்னொரு தடவையும் அதையே பண்ணினாங்க. நம்ம வீட்டு அம்மாக்கள் சேந்து யமஹாவ ரெண்டு தடவ வழிக்குக் கொண்டு வந்துட்டாங்கன்னு நான் நினைச்சுக்கிறேன். ஆதாரம் கேக்காதீங்க.

வெயிலைப் பத்தி ரெண்டு வரி. சித்திரை மாசம் சிக்னல்ல நின்னா ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கும், அந்தச் சூடு நேரா முழங்காலுக்கு வரும். ஃபேன் ஓடுறது ரிப்பேர் இல்ல, எஞ்சின் தன்னைக் காப்பாத்திக்குது. கூலன்ட் குறையாமப் பாத்துக்கிட்டாப் போதும். ஜீன்ஸ் போட்டுக்கோங்க, முடிஞ்சுது.

மெக்கானிக் சமாச்சாரம்தான் அதைவிடக் கொடுமை. தெருமுனைக் கடைக்காரர் என் வண்டியப் பாத்தாலே ஸ்பேனரைக் கீழ வச்சுடுவாரு. "அண்ணா, இத ஷோரூமுக்கே விட்டுருங்க." அவர் பயமும் நியாயம்தான். ஸ்பார்க் பிளக்கைத் தொடணும்னாக்கூட பிளாஸ்டிக்கைப் பிரிக்கணும். பிரிக்கிறப்ப உள்ள இருக்கிற சின்னக் கொக்கி ஒண்ணு "டக்"குனும். அப்புறம் அந்த மூடி ஜென்மத்துக்கும் கடகடன்னு ஆடிட்டே இருக்கும்.

ஒரு மழை நாள்ல நிறுத்தி வச்ச வண்டியோட சைடு ஸ்டாண்டு ஈர மண்ணுல இறங்கி, வண்டி அப்படியே மெதுவாப் படுத்துருச்சு. வேகம் பூஜ்யம். செலவு பூஜ்யமா இல்ல. வேற வண்டியா இருந்தா ஒரு லீவரோட போயிருக்கும். இதுல ஒரு பக்கப் பிளாஸ்டிக் மொத்தமும் போச்சு.

இன்சூரன்ஸ் இருக்கேங்கிறீங்களா? சாதா பாலிசில பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்கெல்லாம் தேய்மானம்னு பாதியக் கழிச்சுட்டுத்தான் குடுப்பாங்க. இந்த வண்டில வெளிய தெரியுறது எல்லாமே பிளாஸ்டிக். அதனால இந்த ரகம் வாங்குறவங்க ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காம குடுக்கிறது) சேத்துப் போடுங்க. மாமா, இத மட்டுமாவது காதுல வாங்குங்க.

அப்புறம் கண்ணாடி. வலது கண்ணாடில என் வலது முழங்கை தெரியும், இடதுல இடது முழங்கை. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. பின்னாடி வர்ற பஸ்ஸைப் பாக்கணும்னா தோளைச் சுருக்கி எட்டிப் பாக்கணும். ஹேண்டிலும் கொஞ்சம்தான் ஒடியும், எங்க தெருவுல ஒரே மூச்சுல திரும்ப முடியாது. முன்ன, பின்ன, முன்னன்னு காலால தள்ளித்தான்.

ஏன் இப்படியெல்லாம் செஞ்சு வச்சிருக்காங்கன்னு கேட்டா, இந்த உடம்பு பொறந்த இடம் அப்படி. ரேஸ் டிராக்ல கண்ணாடியே கிடையாது, கழட்டிடுவாங்க. யூ டர்ன் கிடையாது. பின் சீட்டுக்கு ஆள் கிடையாது. சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டைல 3.7 கிலோமீட்டர் டிராக் இருக்கு, கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர். இந்த 150, 165 சிசி வண்டிங்களுக்குன்னே போட்டிகள் நடக்கிற இடங்கள். ஒரு தடவ போய் கேலரில நின்னு பாருங்க. அஞ்சு ரோட்டுல திணறுற அதே வண்டி அங்க முழங்கால் தரையில உரசத் திரும்புறப்ப, "அடப்பாவி, நீ இதுக்காடா பொறந்த"ன்னு தோணும். அங்க யாரும் முதுகுல தக்காளியோட வர்றதில்ல.

(ரேஸ் ஓட்ட ஆசையிருந்தா அங்க போய்க் கத்துக்க, மருமகனே. பைபாஸ்ல உனக்குப் போட்டி போட வர்றது லாரி.)

நமக்கு டிராக்குக்குப் போக வசதியில்லன்னாலும் கொல்லிமலை இருக்கு.

ராசிபுரம், பேளுக்குறிச்சி தாண்டி காரவள்ளி வந்தா அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு போர்டு இருக்கும். முதல் பத்து வளைவு நம்ம உடம்புக்கும் வண்டிக்கும் பேச்சுவார்த்தை. அதுக்கப்புறம் ஒரு தாளம் புடிபடும் பாருங்க. பிரேக், கியர் குறை, உள் பக்கம் பாரு, சாய், முறுக்கு. நிமிர்றதுக்குள்ள அடுத்த போர்டு.

எஞ்சினை 7,000க்குக் கீழ விடாம ரெண்டாவது கியர்லயே வச்சிருந்தா வண்டி வேற வண்டி. சில எஞ்சின்ல, ஆர்15லயும்தான், 7,400 தாண்டினா வால்வைத் திறக்கிற கேம் மாறும். உள்ள வேற ஆளு வந்து உக்காந்த மாதிரி சத்தமே மாறிடும். ரெண்டு சக்கரத்துக்கும் இடைவெளி 1,325 மில்லிமீட்டர்தான், அதனால பாத்த பக்கம் திரும்பிடும். மணிக்கட்டு? அப்படி ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் வராது. ஊருக்குள்ள என்னைத் திட்ட வச்ச ஒவ்வொண்ணும், தாழ்வான ஹேண்டில், பின்னாடி தள்ளின கால், முன்னாடி இறங்கின எடை, எல்லாம் இங்க வரிசையா வந்து வேலை பாக்குது.

இங்கயும் எல்லாம் தேன் இல்ல. வளைவு ரொம்பக் குறுகலா, மேடு செங்குத்தா இருந்து, கியர் தப்பா இருந்தா எஞ்சின் பொசுக்குனு உக்காந்துடும். புல்லட்காரர் அதே இடத்துல டப்டப்னு அலட்டிக்காம ஏறிப் போவாரு. எதிர்ல பஸ் வந்தா முழு வளைவும் அதுக்குத்தான், மேல ஏறுறவங்களுக்கு வழி விடணுங்கிற விதியெல்லாம் அங்க பேசிட்டு நிக்க முடியாது. ஓரமா நில்லுங்க. குரங்குகளும் வளைவுலதான் உக்காந்திருக்கும், எங்க உக்காரணும்னு அதுங்களுக்கு நல்லாத் தெரியும்.

மேல செம்மேட்டுல டீ குடிச்சுட்டு, சோளக்காடு சந்தைல அன்னாசிப்பழம் விலை கேட்டுட்டு (வாங்க முடியாது, எங்க வைக்கிறது?) திரும்பணும்.

இறங்குறதுதான் தண்டனை. சரிவுல உடம்பு தானா முன்னாடி வழியும், அதே 70 வளைவும் இப்ப மணிக்கட்டுல. தொடையால புடிச்சாலும் முப்பதாவது வளைவுக்குமேல தொடை நடுங்க ஆரம்பிச்சுடும். பிரேக்கையே அமுக்கிட்டு வராம கியரைக் குறைச்சு எஞ்சினால வேகத்தைக் கட்டுங்க. ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கிற வண்டில பின் சக்கரம் துள்ளாம அழகா இறங்கும். நடுவுல நிறுத்தி கைய உதறிக்கோங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

மருமகனுக்கு நேராச் சொல்லணும்னா: முதல் வண்டியா இது வேணாம்டா. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல எல்லாப் புது வண்டிலயும் ஏபிஎஸ் கட்டாயம், நல்லதுதான். ஆனா நேர் ரோட்ல பிரேக் புடிச்சா அது காப்பாத்துற அளவுக்குச் சாஞ்சு போறப்பக் காப்பாத்தாது. மொதல்ல ஒரு சாதா வண்டில கிளட்ச், பிரேக், சேலம் பஸ்காரங்க மூணையும் புரிஞ்சுக்க. அப்புறமும் ஆசை தீரலேன்னா என் வண்டிய ஒரு ஞாயித்துக்கிழமை எடுத்துக்க. கொல்லிமலைக்கு இல்ல, அஞ்சு ரோட்டுக்கு! அதுக்கப்புறமும் வேணும்னா மாமாகிட்ட நானே பேசுறேன்.

எனக்கு இப்ப வேற கவலை. பின் டயர் முடியுற நிலைமைல இருக்கு. நடுவுல தட்டையாத் தேஞ்சு போச்சு (தினசரி ஆபீஸ்), ஓரத்துல ரப்பர் அப்படியே இருக்கு (மலைக்குப் போறது எப்பவாவதுதான்). டயர் கடைக்காரர் கெட்டி ரப்பர் டயரைக் காட்டி, "இதப் போடுங்க, ரொம்ப நாள் உழைக்கும், விலையும் கம்மி"ன்னாரு. மிருதுவான ரப்பர் ரேடியல் சீக்கிரம் தேயும், ஈர ரோட்லயும் வளைவுலயும் நல்லாக் கவ்வும், விலையும் ஜாஸ்தி. ஓட்டுறதுல முக்கால்வாசி ஊருக்குள்ளதான், கணக்குப்படி கெட்டி ரப்பர்தான் சரி.

ரேடியலுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டேன். ரசீது பர்ஸ்ல இருக்கு, வீட்ல இன்னும் யாரும் பாக்கல.